மேற்குப் பக்கத்தில் ஒரு கரை இருக்கிறது

என் தம்பி ரூபா, எங்கள் வீட்டுக் கடைக்குட்டியே,

நீ போய்ப் பதின்மூன்று வருடமாகிறது. இத்தனை காலமும் உனக்கு ஒரு வரிகூட எழுதத் தோன்றாதவள் இன்று எழுதுகிறேன். எழுதி மடித்து அலுமாரிக்குள் வைக்காமல் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உன்னைப் பற்றிய பொய் இந்தப் பத்திரிகையில்தானே வந்தது? "கப்பற்பணியின்போது கடலில் தவறி விழுந்து அக்கணமே இறைவனடி சேர்ந்தார்" என்று உன் படத்துக்குக் கீழே எழுதிக் கொடுத்தவள் நான். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

முதலில் வீட்டுப் புதினம். நீ போன இரண்டாம் வருடம் அம்மாவும் போய்விட்டா. கடைசிவரை உன் பெயரை ஒருதரமும் சொல்லவில்லை, உன் கோப்பையில் மட்டும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. நான் இன்னும் டென்மார்க்கில், எஸ்பியர்க்கில்தான், அதே முதியோர் இல்லத்தில், முழங்கால் வலியோடு வேலை செய்கிறேன். உன் மனைவி சுகந்தி விபோர்க்கில் அதே வீட்டில் இருக்கிறாள். நாலு வயதில் நீ விட்டுப்போன உன் மகள் மினாவுக்குப் பதினேழு வயதாகிவிட்டது. நாங்கள் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிறாள். அவள் கோபித்தால் உன் புருவம்.

எனக்குப் போன புரட்டாதியில் அறுபது வயது. இங்கே அறுபது என்றால் பெரிய கொண்டாட்டம், உனக்குத் தெரியும். பிள்ளைகள் பயணம் ஒன்று அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். "அம்மா, சூடான நாடொண்டு சொல்லுங்கோ, உங்கட காலுக்கு நல்லம்" என்றான் மகன். நான் உன் தீவின் பெயரைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பயணச்சீட்டு எடுத்துத் தந்தார்கள்.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். என் தம்பி ரூபன் கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை செய்தவன். தென்கடலில், பனிக்கண்டத்துக்கு முன்னால் கிடக்கும் ஆளில்லாத் தீவொன்றுக்கு ஆய்வுக்காரரின் சாமான் ஏற்றிப்போன கப்பலில் அவன் போனான். அந்தத் தீவின் ஒரு முனையில் காற்றையும் குளிரையும் அளக்கும் கருவியொன்றைக் கம்பம் நட்டுப் பூட்ட வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு இறங்கிய நாலு பேரில் அவனும் ஒருவன், அவனோடு கூடப்போன எஸ்பியர்க் தவமும் ஒருவன். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். கப்பல் வேறேதோ நாட்டின் கொடியோடு ஓடிய கப்பல். எங்களுக்கு வந்தது ஒரு பக்கக் கடிதமும் ஒரு மரணச் சான்றிதழும்தான். மிச்சம் எல்லாம் தவம் சொன்ன கதை.

"ஒரு நிமிசம் அக்கா. ஒடுங்கின இடத்தில கால் வழுக்கினது, நேரை கடலுக்குள்ள. அந்தத் தண்ணிக் குளிருக்கு ஒரு நிமிசத்தில எல்லாம் முடிஞ்சிரும். அவனுக்கு ஒரு நோவும் தெரிஞ்சிராது." எங்கள் வீட்டு விறாந்தையில் நின்று, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தவம் இதைச் சொன்னான். நான் அவன் கையைப் பிடித்து அழுதேன். அந்த ஒரு நிமிடத்துக்காக அவனுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

தென்னமெரிக்காவின் நுனியில் உள்ள துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பலில் நாலு நாள். பயணிகள் எல்லோரும் பென்குவின் பார்க்க வந்தவர்கள். தீவில் கால் வைப்பதற்கு முதல்நாள் எங்கள் சப்பாத்து, பை, சட்டைப்பை எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். வெளியூர் விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழக்கூடாதாம். உனக்குப் போடவென்று நான் கொண்டுபோன எள்ளும் அரிசியும் முடிச்சோடு அகப்பட்டது. ஒரு பெண் அதை மிக மரியாதையாக வாங்கி, என் கைப்பையின் தையலுக்குள் கிடந்த எள்ளைக்கூட உறிஞ்சும் இயந்திரத்தால் எடுத்தாள். "மன்னிக்கவும், முளைத்துவிடும்" என்றாள். அந்தக் குளிரில் எள் முளைக்குமா, ரூபா? எனக்கு ஆங்கிலத்தில் சண்டை பிடிக்க வரவில்லை.

அடுத்த நாள் காலை உன் முனை தெரிந்தது.

நீ கடைசியாக நின்ற நிலத்தை உனக்கே விளக்கப் போகிறேன், சிரிக்காதே. நான் நினைத்து வைத்திருந்தது ஒரு கூரான பாறை. அப்படி இல்லை. தீவிலிருந்து வடமேற்காகக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது, ஒரு பெரிய மிருகம் கழுத்தை நீட்டிப் படுத்த மாதிரி. தலைப்பக்கம் அகலம், உச்சி தட்டை, அதன் மேல் ஆளுயரப் புற்குவியல்கள். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கழுத்து. அந்தக் கழுத்து ஓரிடத்தில் எங்கள் வீட்டு விறாந்தையைவிட அகலமில்லை.

பக்கச்சுவர் முழுக்கக் கறுப்புப் பாறை, நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு வரி, மறுபடியும் கறுப்பு. எரிமலை கக்கி ஆறி, மறுபடி கக்கி ஆறிய படைகள். அந்தச் சிவப்பு வரி உக்கின மண், தொட்டால் உதிரும் என்றார்கள். கழுத்து சரியாக அந்தச் சிவப்பு வரியில் உட்கார்ந்திருக்கிறது. உன் கால் எதில் வழுக்கியது என்று பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டேன்.

கிழக்குப் பக்கம் சின்னக் குடா, கூழாங்கல் கரை, காற்று படாத இடம். நீங்கள் இறங்கியது அங்கேதான். எங்களையும் அங்கே இறக்குவதாக இருந்தது. ஆனால் அலை உயர்ந்ததால் ஒருவரையும் இறக்கவில்லை. ஈடாக, கப்பல் முனையைச் சுற்றி மெதுவாக ஓடும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எல்லோரும் கமராவோடு மேல்தட்டுக்கு ஓடினார்கள்.

அந்தக் கப்பலில் கற்களையும் மண்ணையும் பற்றி விளக்க ஒரு பெண் இருந்தாள். நல்ல பிள்ளை, முப்பது வயதிருக்கும், நோர்வேக்காரி. நான் டெனிஷில் கேட்டால் அவள் தன் மொழியில் மெதுவாகப் பதில் சொல்வாள். கழுத்தைக் காட்டிக் கேட்டேன்: "அங்கிருந்து ஒருவர் விழுந்தால் நேரே கடலுக்குள்தானே விழுவார்?"

"இந்தப் பக்கம் என்றால் ஆமாம்" என்றாள். "மேற்குப் பக்கம் என்றால் இல்லை. அங்கே ஒரு கரை இருக்கிறது. பொறுங்கள், சுற்றினால் தெரியும்."

சுற்றினோம். தெரிந்தது. கழுத்திலிருந்து உடைந்த கல் நிறைந்த ஒரு சரிவு இறங்குகிறது. அதன் அடியில் இரண்டு ஆள் உயரச் செங்குத்துப் பாறை. அதற்குக் கீழே, மூன்று பக்கமும் சுவர் எழும்பிய சின்னக் கறுப்புக் கரை. இரண்டு பேருந்துகளை அடுத்தடுத்து நிறுத்தலாம், அவ்வளவுதான். அதன் முன்னால் கயிறு கயிறாகக் கடற்தாவரம் மிதந்தது.

அந்தப் பிள்ளைக்குத் தன் பாடம் என்றால் உயிர். கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். சரிவில் வழுக்கி வருகிற ஆள் கரையில்தான் போய் நிற்பாராம். கையைக் காலை உடைக்கலாமாம், உயிர் போக வேண்டியதில்லையாம். மேலே ஏற வழி கிடையாது. பாறை வெடிப்பிலிருந்து நல்ல தண்ணீர் விழுகிறது. சாதாரண நாளில் அலை கரையின் பின்சுவரைத் தொடாது. மேற்கிலிருந்து பெரிய புயல் வந்தால் மட்டும் கடல் முழுக் கரையையும் கழுவிக்கொண்டு போகும்.

"அப்போ ஒரு மனிதன் அங்கே உயிரோடு இருக்கலாமா?" என்று கேட்டேன்.

"கோடையில், நல்ல உடுப்பு இருந்தால், சில நாள் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஏன், குடியேறும் யோசனையா?"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? பக்கத்தில் நின்ற ஒரு மனிதர் தன் மனைவியை அந்தக் கரை தெரியத்தக்கதாக நிறுத்திப் படம் எடுத்தார். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொல்லி என்னிடம் கையால் காட்டினார். நான் தள்ளி நின்றேன்.

டென்மார்க் திரும்பிய மூன்றாம் நாள் எஸ்பியர்க் துறைமுகத்துக்குப் போனேன். தவத்துக்கு இப்போது அங்கே காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் ஏற்றுகிற வேலை. மதியச் சாப்பாட்டு நேரம், தன் காருக்குள் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தான். கண்ணாடியில் தட்டினேன்.

"என்னக்கா திடீரெண்டு? ஏறுங்கோ, வெளியில குளிர்."

ஏறி இருந்தேன். பயணம் எப்படி என்று கேட்டான். நான் வேறு பேச்சுப் பேசவில்லை. "தவம், மேற்குப் பக்கத்தில ஒரு கரை இருக்கு" என்றேன்.

சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை எடுத்து மூடினான். நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தான். "ஆர் சொன்னது?" என்றான்.

"நான் கண்டனான்."

அவன் அழவில்லை, ரூபா. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, யாரோ கேட்டு எழுதிக்கொள்ளப் போகிற மாதிரி ஒழுங்காகச் சொன்னான்.

"கம்பம் பூட்டிப்போட்டு வரேக்கை வழுக்கினவன். கீழ போய்ச் சேந்ததும் கத்தினவன், 'கால் முறிஞ்சு போச்சு, வேறை ஒண்டுமில்லை' எண்டு. எங்களிட்டை இருந்த கயிறு எட்டேல்லை. நாங்கள் இறங்கப் பாத்தால் கல்லெல்லாம் அவனுக்கு மேல விழுகுது. ஜக்கெட்டையும் சாப்பாட்டுப் பையையும் மேல நிண்டு போட்டனாங்கள். பேந்து படகில சுத்திப் போனம். ரெண்டுதரம் போனம் அக்கா. ரெண்டாந்தரம் நான் தண்ணிக்குள்ள விழுந்தனான். தலைமயிரில பிடிச்சுத்தான் என்னை இழுத்தவங்கள்."

"பேந்து?"

"அவனிட்டைக் கை ரேடியோ இருந்தது. கப்டன் மூண்டாந்தரம் படகு விடுறதோ விடாததோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறார். மேற்கில கறுத்துக்கொண்டு வருது. ரூபன் 'தவத்திட்டைக் குடுங்கோ' எண்டான். தமிழில கதைச்சவன். 'மச்சான், இப்ப அலை குறைஞ்சிருக்கு, எனக்கு இஞ்சையிருந்து தெரியுது. இன்னொருக்கா வரச் சொல்லு. நான் தண்ணிக்குள்ள இறங்கி நிக்கிறன், பிடிச்சு இழுங்கோ' எண்டான்."

தவம் நிறுத்தினான். நான் விடவில்லை. "கப்டன் என்ன கேட்டவர்?"

"அவன் என்ன சொல்லுறான் எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"அலை கூடவாம், வரவேண்டாமாம் எண்டு சொன்னனான்."

ரூபா, அந்தக் கப்பலில் உன் பாஷை தெரிந்தது ஒரே ஒருவனுக்கு. அவனை நம்பித்தான் நீ தமிழில் கதைத்தாய். கப்டனிடம் ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் வந்திருப்பார்களா? ஏன்டா கேட்கவில்லை? பயம் வந்தால் வாயில் தாய்மொழிதான் வரும் என்கிறார்கள், அதனாலா?

கப்பல் தீவின் மறுபக்கம் ஒதுங்கப் போனது. புயல் மூன்று நாள் நின்றது. திரும்பி வந்தபோது கரை கழுவித் துடைத்துக் கிடந்ததாம். சாப்பாட்டுப் பையும் இல்லை, நீயும் இல்லை. நீ முதல் நாள் போனாயா, மூன்றாம் நாள் போனாயா, ஒருவருக்கும் தெரியாது. விழுந்த நாளையே சான்றிதழில் போட்டுவிட்டார்கள்.

நான் தவத்தை என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். பத்திரிகைக்காரர் போடமாட்டார்கள். அவன் பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்னேன். அப்போதுதான் அவன் என் பக்கம் திரும்பினான்.

"எனக்கு ரெண்டு பிள்ளையள் எண்டுதான் அக்கா அப்பிடிச் சொன்னனான். ஓம், நான் கோழைதான். ஆனா ஒண்டு கேக்கிறன். கப்பல் வெளிக்கிட முதல்நாள் போர்ட்டில இருந்து அவன் உங்களுக்குப் போன் எடுத்தவன். பக்கத்தில நான் நிண்டனான். 'கப்பல் சரியில்லை அக்கா, நான் இறங்கி வரப்போறன்' எண்டவன். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். "தொடங்கின ஒண்டையும் முடிக்காத பிறவி நீ. வந்தால் என்ரை வீட்டுப் படி ஏறாதை" என்றேன். நீ மூன்று வேலை மாறியிருந்தாய், சுகந்தி கவலைப்பட்டாள், எனக்குக் கோபம். நீ "சரியக்கா" என்று சொல்லி வைத்தாய். இறங்கவில்லை.

காரிலிருந்து இறங்கும்போது சொன்னேன்: "வாற ஞாயிறு விபோர்க்குக்கு வாறாய். சுகந்திக்கு உன்ரை வாயால சொல்லுறாய். வராட்டி நான் சொல்லுவன்."

நீ ஆச்சரியப்படுவாய், அவன் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி வந்தான். பதின்மூன்று வருடமாக அந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் கார் பழுதானாலும் வந்து பார்த்தது அவன்தான். சுகந்தி வழமைபோல அவனுக்குத் தேத்தண்ணி வைத்தாள். அவன் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். எனக்குச் சொன்ன அதே ஒழுங்கில். கடைசியில் எனக்குச் சொல்லாத ஒன்றையும் சொன்னான்.

"கப்பல் திரும்பேக்கை அவனுக்கு நான்தான் சொன்னனான், 'சுத்திப் போய் ஒதுங்கி நிண்டிட்டு நாளைக்கு வாறம்' எண்டு. 'சரி, கெதியா வாங்கோ' எண்டான். அதுக்குப் பிறகு ரேடியோ கேக்கேல்லை."

அவளுக்குக் கோபம் வரும், அவனை அடிப்பாள், வீட்டை விட்டுத் துரத்துவாள் என்று நினைத்துக்கொண்டுதான் நான் அந்தக் கதிரையில் இருந்தேன். உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்கத்தான் போனேன். சுகந்தி அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எத்தினை நாள் அக்கா?"

"தெரியாது. ஒரு நாள், மூண்டு நாள்."

"நான் பதின்மூண்டு வருசமா அந்த ஒரு நிமிசத்திலதான் படுத்தெழும்பினனான். அதை ஏன் எடுத்தனீங்கள்? நான் கேட்டனானோ? உங்களுக்குப் பாரம் தாங்கேல்லை எண்டு என்ரை தலையில கொண்டுவந்து இறக்குறியளோ?"

உனக்காகத்தான் செய்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். நானே நம்பவில்லை.

மினா படியில் நின்றிருக்கிறாள். பெரியவர்கள் நாங்கள், அவளுக்குத் தமிழ் விளங்காது என்று எங்களையே ஏமாற்றிக்கொள்வோம். எல்லாம் விளங்கியிருக்கிறது. இறங்கி வந்து, தவத்துக்கு முன்னால் நின்று டெனிஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

எனக்கு அவன் தமிழில் எத்தனை காரணம் சொன்னான்! படகு, அலை, பிள்ளைகள், கறுத்த வானம். அவளுக்கு டெனிஷில் மூன்று சொல்லுத்தான் சொன்னான். "யாய் வா பாங்." "நான் பயந்துபோனேன்" என்று அர்த்தம்.

மினா தலையை ஆட்டி, அவனுடைய ஆறின கோப்பையை எடுத்துப்போய்க் குசினியில் ஊற்றிவிட்டு, புதிதாகத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவன் அப்போதுதான் உடைந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை, ரூபா. உன் மகள் அவனுக்கு மன்னிப்புக் கொடுத்ததாகவே எனக்குப் பட்டது, அதைக் கொடுக்க அவளுக்கு என்ன உரிமை என்று மனம் கொதித்தது. பிறகு யோசித்தேன். அவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

சுகந்தி இரண்டு மாதமாக என்னோடு கதைப்பதில்லை. தவம் வேலைக்குப் போகிறான், வருகிறான். தெருவில் கண்டால் நான் மற்றப் பக்கம் போகிறேன்.

போன கிழமை கோயிலில் ஐயரிடம் போனேன். உனக்கு இத்தனை வருடமும் மாசி மாதம் வளர்பிறைத் தசமியில் திவசம் கொடுத்தோம். அது நீ விழுந்த நாள். நீ உயிரோடு இருந்து எங்களை எதிர்பார்த்த நாள். அந்த நாளில் நாங்கள் உனக்குப் பிண்டம் வைத்திருக்கிறோம். செத்த நாள் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "அந்த மாத அமாவாசையில செய்யுங்கோ அம்மா. நாள் தெரியாமல் போனவைக்கெல்லாம் அமாவாசைதான்" என்றார்.

மினாவுக்குச் செய்தி அனுப்பினேன். தானே வந்து செய்வதாகப் பதில் போட்டாள், எள்ளை எப்படி இறைப்பது என்று கேட்டாள். தவத்தைக் கூப்பிடலாமா என்றும் கேட்டாள். நான் கூப்பிட மாட்டேன். அவள் கூப்பிட்டு அவன் வந்தால் கதவைத் திறப்பேன், இலை போடுவேன், சோறு போடுவேன். முகம் பார்க்க மாட்டேன். அதற்கு மேல் என்னால் முடியாது, என்னை வற்புறுத்தாதே.

உனக்கு நான் தரும் வாக்கு இது ஒன்றுதான். உனக்குச் சொந்தமில்லாத நாளில் உன்னை இனி ஒருபோதும் சாகவிட மாட்டேன். யாராவது "ஒரு நிமிசத்தில முடிஞ்சுதாம்" என்று தொடங்கினால், நான் எந்தச் சபையில் இருந்தாலும் எழும்பிச் சொல்வேன்: இல்லை, அவன் இருந்தான். முறிந்த காலோடு, அந்தக் கறுப்புக் கரையில், மேற்கைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

உன்னை இறங்கி வரவேண்டாம் என்ற
உன் அக்கா
கௌரி